மருந்து சேர்க்காமல் வெண்புள்ளி நோயையும் பிற ஒட்டுண்ணிகளையும் நீக்க முடியுமா?

வேலம்பாசி (கேள்வி)

வணக்கம். என்னுடைய 100 லிட்டர் நன்னீர்த் தொட்டியில் மோலி, கௌராமி, கோரிடோரஸ் ஆகிய மீன்களுடன் செர்ரி இறால்களும் நத்தைகளும் அடர்த்தியாக வளர்ந்த செடிகளும் உள்ளன. புதிய மோலிகள் வந்து சேர்ந்த மறுவாரத்திலேயே இரண்டு மீன்களின் வாலிலும் முதுகுத் துடுப்பிலும் சிறு வெண்புள்ளிகள் தோன்றின. இப்போது பெரும்பாலான மீன்கள் கற்களிலும் மரத்துண்டிலும் உடலை உரசிக்கொள்கின்றன. இது போதாதென்று, ஒரு மோலியின் முதுகுத் துடுப்பின் அடியில் பச்சையும் வெள்ளையும் கலந்த நூல் போன்ற ஒன்று தொங்குகிறது. அதன் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

செம்பு கலந்த மருந்துகள் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும் என்பதால் தொட்டிக்குள் எந்த மருந்தையும் ஊற்ற எனக்கு விருப்பமில்லை. ஹீட்டரைக் கூட்டினால் போதும் என்று ஒருவர் சொல்கிறார், உப்பு போடச் சொல்கிறார் இன்னொருவர், உணவில் பூண்டுச் சாறு கலக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் எது உண்மையில் பயன் தரும், எந்த அளவில், எத்தனை நாள் செய்ய வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூழாங்கல்

வணக்கம். எதையும் தொடங்குமுன் அது வெண்புள்ளி நோய்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியை மீனின் மீது பக்கவாட்டில் சாய்வாக விழச் செய்து பாருங்கள். உப்புத் தூளைத் தூவியது போல, ஏறக்குறைய ஒரே அளவில், ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் வெண்புள்ளி நோய்தான். புள்ளிகளுக்குப் பதிலாகப் பொன்னிறத்திலோ துரு நிறத்திலோ மிக நுண்ணிய படலம் மின்னினால் அது வெல்வெட் நோய். அதற்கு வழி வேறு. புள்ளிகள் அளவில் ஒழுங்கில்லாமல் தோலுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் எபிஸ்டைலிஸ் என்னும் காம்புள்ள நுண்ணுயிரின் கூட்டமாக இருக்கலாம்; அழுக்கு மிகுந்த நீரில் வளரும் பாக்டீரியாவைத் தின்று வாழ்வது அது என்பதால், அங்கே நீரைச் சூடாக்குவதைவிடச் சுத்தமாக்குவதே முதல் வேலை. கோல்ட்ஃபிஷ் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வரிசையாகத் தோன்றும் வெண்மணிகள் நோயே அல்ல.

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் இக்தியோஃப்தீரியஸ் மல்டிஃபிலிஸ் ஓர் ஒருசெல் உயிரி. நாம் காணும் ஒவ்வொரு புள்ளியிலும் அது மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. அந்த நிலையில் உப்போ, நீரில் கலந்த மருந்தோ அதைச் சரியாக எட்டுவதில்லை. வயிறு நிறைந்ததும் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, மணலிலோ இலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிளவுபடுகிறது. உறை வெடித்து வெளிவரும் குஞ்சுகள் நீந்திச் சென்று ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை இறந்துவிடும். நாம் செய்யும் எந்தச் சிகிச்சையும், மருந்து உட்பட, இந்த நீந்தும் பருவத்தைத்தான் தாக்குகிறது. ஆகவே மருந்தில்லாத வழி என்பது, நீந்தும் குஞ்சுகளுக்கு மீன் கிடைக்காமல் செய்வதும், கிடைப்பதற்குள் அவற்றைச் சாகடிப்பதும்தான்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மீன் பளிச்சென்று ஆகிவிட்டதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். புள்ளிகள் உதிர்ந்தது நோய் போனதற்கு அடையாளமல்ல. அவை இப்போது தரையில் பெருகிக்கொண்டிருக்கின்றன என்பதற்கே அடையாளம். இந்தச் சுழற்சி முழுவதும் 25 டிகிரி செல்சியஸில் சுமார் 4 முதல் 6 நாளில் முடிகிறது. 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல் ஆகிறது. குளிர்ந்த நீரில் சிகிச்சை நீண்டுகொண்டே போவதற்கும் அதுவே காரணம்.

ஹீட்டரைக் கூட்டுவதால் இரண்டு நன்மைகள் உண்டு. சுழற்சி வேகமாகிறது, அதனால் ஒட்டுண்ணி நீந்தும் பருவத்துக்கு விரைவில் வந்து சேர்கிறது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அதன் பெருக்கம் பெரிதும் தடைபடவும் செய்கிறது. சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் மெதுவாக ஏற்றி, 30 டிகிரியில் 10 முதல் 14 நாள் வைத்திருக்க வேண்டும். ஆனால் நீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் கரையும் இடத்தில், 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் கரைகிறது. வெண்புள்ளி செவுளையும் தாக்கும் நோய். செவுள் புண்பட்ட மீனுக்கு இந்தக் குறைவு பெரிய சுமை. எனவே நீரில் காற்றுக் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோன் இல்லாமல் ஹீட்டரைத் தொடாதீர்கள். கோல்ட்ஃபிஷ் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு இந்த வழியே வேண்டாம்.

உங்கள் தொட்டியில் கௌராமியும் மோலியும் 30 டிகிரியைத் தாங்கும். கோரிடோரஸில் பல இனங்களுக்கு அது அதிகம், செர்ரி இறாலுக்கும் வசதியாக இராது. உங்கள் நிலையில் நான் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு, மீன்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுவேன். இறாலும் நத்தையும் இந்த ஒட்டுண்ணிக்கு உணவல்ல. அவை மட்டும் இருக்கும் தொட்டியில், 25 டிகிரி அளவில், இரண்டு வாரத்தில் வெண்புள்ளி பட்டினியில் தீர்ந்துவிடும். சிகிச்சை முழுவதும் மணலும் செடியும் இல்லாத வெறும் டப்பில் நடக்கட்டும்.

நீலத்துடுப்பு

கூழாங்கல் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வெப்பத்தை மட்டும் நம்புவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எல்லாத் தொட்டியிலும் வெண்புள்ளி 30 டிகிரிக்கு ஒரே மாதிரி அடங்குவதில்லை. வெறும் டப்பில் வைக்கப் போகிறீர்கள் என்றால் உப்பையும் சேர்ப்பதே நல்லது.

லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் வரை நீண்ட நாள் வைத்திருக்கலாம். மோலி உப்பு நீரிலும் வாழும் மீன் என்பதால் 3 கிராம் அதற்குப் பொருட்டே இல்லை. செதிலுக்குப் பதில் தகடு போர்த்திய கோரிடோரஸ் உப்பை அவ்வளவாக விரும்பாது. அதனுடன் சேர்த்து வைப்பதாக இருந்தால் 1 கிராமில் தொடங்கி, மீனின் போக்கைப் பார்த்துக்கொண்டே 2 கிராம் வரை போகலாம். 40 லிட்டர் டப்புக்கு 2 கிராம் வீதம் 80 கிராம் ஆகிறது. அதை ஒரு குவளை நீரில் முழுவதும் கரைத்து, ஒரு நாளில் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து ஊற்றுங்கள். கரண்டிக் கணக்கு வேண்டாம்: கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை இருப்பதில்லை, எனவே தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் கலக்காத வெறும் உப்பாக இருக்கட்டும்.

அளவு தவறிப் போவது பெரும்பாலும் முதல் நாளில் அல்ல, அதற்குப் பிறகுதான். நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. வற்றிய அளவுக்கு வெறும் நீரைத்தான் ஊற்ற வேண்டும். நீரை எடுத்து மாற்றும்போது மட்டும், எடுத்த நீரின் அளவுக்கு உப்புச் சேர்க்க வேண்டும். 10 லிட்டர் மாற்றினால் 20 கிராம், அவ்வளவே.

உப்பு ஒட்டுண்ணியைத் தாக்குவது ஒரு புறம் இருக்க, மீனுக்கே அது ஆறுதலாகவும் இருக்கிறது. நன்னீர் மீனின் உடலுக்குள் இருக்கும் உப்பு, வெளியில் இருக்கும் நீரில் உள்ளதைவிட அதிகம். ஆகையால் நீர் எந்நேரமும் உள்ளே புகுந்துகொண்டும் உப்பு வெளியேறிக்கொண்டும் இருக்கிறது. ஒட்டுண்ணி துளைத்த தோலில் இந்தக் கசிவு கூடிவிடுகிறது. நீரில் கொஞ்சம் உப்பு இருந்தால் அந்த வேறுபாடு குறைந்து, மீன் தன் உடலைச் சமநிலையில் வைத்துக்கொள்ளச் செலவிடும் ஆற்றல் மிச்சமாகிறது. இந்தப் பயன் லேசான அளவிலும் கிடைக்கிறது.

லிட்டருக்கு 30 கிராம் வரை கரைத்த நீரில் மீனைச் சில நிமிடம் முக்கி எடுக்கும் முறையைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். தோலின் மேற்பரப்பில் இருக்கும் கோஸ்டியா, டிரைக்கோடைனா போன்ற நுண்ணிய ஒட்டுண்ணிகளை அது உதிர்க்கும். தோலுக்கு அடியில் இருக்கும் வெண்புள்ளியை அது எட்டாது. அப்படிச் செய்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் மீனைப் பார்க்க வேண்டும். அது பக்கவாட்டில் சாயத் தொடங்கிய கணமே எடுத்து நல்ல நீரில் விட வேண்டும். கோரிடோரஸை இதற்கு உட்படுத்தாதீர்கள்.

ஆற்றுமணல்

மோலியின் முதுகில் தொங்கும் நூலைப் பற்றி யாரும் பேசவில்லை. நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது நங்கூரப் புழு. பெயர்தான் புழு, உண்மையில் லெர்னியா என்னும், இறாலுக்குத் தூரத்து உறவான ஓட்டுடலி. பெண்தான் இப்படி மீனின் தசைக்குள் தலையைப் புதைத்துக்கொள்ளும். நுனியில் இரண்டாகப் பிரிந்து தெரிபவை அதன் முட்டைப் பைகள். உள்ளே இருக்கும் தலைப் பகுதி கொக்கிகளாகக் கிளைத்திருக்கும் என்பதால், வெளியில் தெரிவதைப் பிடித்துச் சட்டென்று இழுத்தால் பாதி அறுந்து உள்ளேயே தங்கி, அந்த இடம் சீழ்பிடிக்கும்.

இதற்குத் தேவை கூர்மையான, நுனி சரியாகப் பொருந்தும் ஓர் இடுக்கி. டப்பின் நீரிலேயே நனைத்த மென்மையான துணியில் மீனை ஏந்தி, துணியின் ஒரு மடிப்பால் கண்ணை மூடிவிடுங்கள். வெளிச்சம் மறைந்தால் பெரும்பாலும் துள்ளுவது நின்றுவிடும். உலர்ந்த கையால் தொட்டால் தோலின் மேல் உள்ள வழுவழுப்பு உரிந்துவிடும், அதுவே மீனின் முதல் காப்பு. இடுக்கியின் நுனியைச் செதிலை உரசும் அளவுக்குத் தாழ்த்தி, புழு தோலுக்குள் நுழையும் இடத்திலேயே பிடியுங்கள். புழு எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறதோ அந்தப் பக்கமாகவே, அழுத்தம் மாறாமல் மெல்ல இழுங்கள். முழுவதும் வந்திருந்தால் மறுமுனையில் கிளைத்த தலை தெரியும், மீனில் ஊசி குத்தியது போல ஒரு சிவந்த துளை மட்டும் மிஞ்சும். எடுத்ததைத் தொட்டியருகே போடாதீர்கள். முட்டைப் பை உடைந்தால் வேலை மீண்டும் தொடங்கும். விரல் நீளம்கூட இல்லாத குட்டி மீன்களில் இதை முயல வேண்டாம், பிடிக்கும் பிடியிலேயே அவை நசுங்கிவிடும்.

ஒன்றை எடுத்ததும் கதை முடிந்துவிடாது. ஏற்கெனவே உதிர்ந்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகள் நீரிலும் மற்ற மீன்களின் செவுளிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும். 25 டிகிரிக்கு மேல் அவை வளர்ந்து முட்டையிடும் நிலைக்கு வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒரு முறை எல்லா மீன்களின் துடுப்படியையும் டார்ச் வைத்துப் பார்த்து, புதிதாக நூல் தெரிந்தால் முட்டைப் பை உருவாகுமுன் எடுத்துவிட வேண்டும். நீலத்துடுப்பு சொன்ன 2 கிராம் உப்பு தசைக்குள் புதைந்த புழுவை ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீன் பேன் என்னும் ஆர்குலஸ் இருந்தாலும் இதே இடுக்கிதான். அது தட்டையாக, வட்டமாக, ஏறக்குறைய கண்ணாடி போன்ற உடலோடு மீனின் மேல் ஊர்ந்துகொண்டே இருக்கும். அசையாமல் இருந்தால் செதில் என்றே நினைத்துவிடுவோம். ஆனால் அது முட்டையை மீனில் இடாமல், கல்லிலும் கண்ணாடியிலும் வரிசையாக ஒட்டி வைக்கும். பேனை எடுப்பதோடு அந்தப் பரப்புகளைச் சுரண்டித் துடைக்காவிட்டால் பயனில்லை.

வேலம்பாசி

மூவருக்கும் மிக்க நன்றி. நூல் போன்றது நங்கூரப் புழுதான் என்பது டார்ச் வைத்துப் பார்த்தபோது உறுதியானது. தலையோடு முழுவதும் வந்துவிட்டது. இன்னும் சில ஐயங்கள் உள்ளன. டப்பில் ஃபில்டர் எப்படி அமைப்பது? பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை எடுத்து வைத்தால் ஒட்டுண்ணியும் கூடவே வந்துவிடாதா? பூண்டைப் பற்றியும் யுவி (புறஊதா) விளக்கைப் பற்றியும் உங்கள் கருத்து என்ன? மீன்களை எப்போது திரும்பத் தொட்டியில் விடலாம்?

கூழாங்கல்

ஃபில்டர் கேள்விக்கு விடை, எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் விரும்பும் வழி இரண்டு டப்புகளை வைத்துக்கொண்டு மீன்களை மாற்றி மாற்றி விடுவது. மீனிலிருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி டப்பின் அடியில் ஒட்டி உறை கட்டுகிறது; 25 டிகிரியில் அது வெடித்துக் குஞ்சுகள் வெளிவர ஒரு நாளுக்கும் குறைவாகவே ஆகலாம். காலையிலும் மாலையிலும் மீன்களை அடுத்த டப்புக்கு மாற்றிவிட்டு, பழையதைக் கழுவி, சொட்டு ஈரமும் இல்லாமல் காயவிட்டால், உறைக்குள் இருப்பவை பிறக்கும் முன்பே தீர்ந்துவிடும். ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள், மீனில் இருந்தவை அனைத்தும் உதிர்ந்துவிடும், புதிதாக எதுவும் ஏறியிருக்காது. இந்த முறையில் நீர் நாளுக்கு இரு முறை புதிதாகிவிடுவதால் ஃபில்டரே தேவையில்லை, ஏர் ஸ்டோன் மட்டும் போதும். அதையும் மாற்றும்போதெல்லாம் கழுவிக் காயவையுங்கள். பழைய ஸ்பாஞ்சை இதில் வைத்தால் உறைகளை நீங்களே டப்புக்கு டப்பு சுமந்து செல்வதாகிவிடும். புதிய நீர் குளோரின் நீக்கியதாகவும் அதே வெப்பநிலையில் உள்ளதாகவும் இருக்க வேண்டும். வலைக்கும் ஈரம் காய நேரம் கொடுங்கள், இரண்டு வலை இருந்தால் நல்லது.

நாளுக்கு இரண்டு முறை வலையில் பிடிப்பது மீனுக்கு அச்சமூட்டும் என்பது உண்மையே. உங்கள் மீன்கள் ஏற்கெனவே சோர்ந்து அடியில் படுத்திருந்தால், நீலத்துடுப்பின் உப்பு முறையே பொருந்தும். அதில் ஒரே டப்பில் மீன்கள் இருப்பதால் மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வாழ ஃபில்டர் கட்டாயம் வேண்டும். அங்கே பழைய ஸ்பாஞ்சை வைக்கலாம், ஏனெனில் வெளிவரும் குஞ்சுகளை உப்பு பார்த்துக்கொள்ளும். நாள்தோறும் அடியைச் சைஃபன் குழாய் போட்டு உறிஞ்சி எடுங்கள். எந்த முறையானாலும் உணவைக் குறைத்துப் போடுங்கள்.

பூண்டின் மணத்தால் சில மீன்கள் உணவை ஆர்வமாக எடுக்கின்றன என்பதற்கு மேல் அதில் நம்பிக்கை வைக்க வேண்டாம். வெண்புள்ளி தீர்ந்தது பூண்டால்தான் என்று சொல்பவர்களில் பலர் அதே வாரத்தில் நீரையும் மாற்றியிருப்பார்கள், ஹீட்டரையும் கூட்டியிருப்பார்கள். அதோடு, முதல் தாக்குதலில் பிழைத்த மீனுக்கு இந்த ஒட்டுண்ணிக்கு எதிராக எதிர்ப்புச் சக்தி உருவாவதும் உண்டு. யுவி விளக்கு தன் குழாய் வழியே செல்லும் குஞ்சுகளை மட்டுமே கொல்லும். தரையிலிருந்து கிளம்பி நேராக மீனைப் பிடிப்பதை அது எப்படித் தடுக்கும்? பல மீன் தொட்டிகள் ஒரே நீரைப் பகிரும் இடத்தில் அது நல்ல காவல், நோய் வந்த தொட்டியில் வெறும் துணை.

தொட்டிக்குத் திருப்பும் நாளை நங்கூரப் புழுவை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். வெண்புள்ளி மட்டுமாக இருந்தால் இரண்டு வாரம் போதும். புழுவின் குஞ்சுகளையும் கணக்கில் கொண்டால் ஒரு மாதம் தொட்டியில் மீன் இல்லாமல் இருக்கட்டும். இறாலுக்கு வழக்கம்போல உணவு போட்டுக்கொண்டிருங்கள்.

ஆழி

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ஹீட்டரையும் உப்பையும் தேடிப் போகக் கூடாது என்பதற்காக ஒரு குறிப்பு. கடல் மீன்களில் வெண்புள்ளியை உண்டாக்குவது கிரிப்டோகாரியன் இரிடன்ஸ் என்னும் வேறு உயிரி. அது வெப்பத்துக்கு அடங்காது, உப்பு நீர் அதன் வீடு. அங்கே டப்பு மாற்றும் முறைதான் நம்பகமானது: மூன்று நாளுக்கு ஒரு முறை வீதம் நான்கு மாற்றம், அதாவது மொத்தம் 12 நாள். மீனில்லாமல் விட வேண்டிய காலமும் மிக நீளம். அதன் உறைகள் வாரக்கணக்கில் உறங்கக்கூடியவை என்பதால் 76 நாள் என்ற கணக்கையே பலரும் பின்பற்றுகிறார்கள்.

நீலத்துடுப்பு

மருந்தில்லா முறை தோற்கும் இடங்களையும் சொல்லாமல் விட்டால் இந்த உரையாடல் யாருக்காவது மீனை இழக்கச் செய்யும். வெல்வெட் நோயை உண்டாக்கும் உயிரியிடம் பச்சையம் இருப்பதால் தொட்டியை இருட்டாக்கினால் அதன் வேகம் குறையும். ஆனால் அது மீனிலிருந்தும் உணவு எடுப்பதால் இருட்டு மட்டும் அதைக் கொல்லாது. வெல்வெட் நாள்கணக்கில் கொல்லும் நோய், அதில் சோதனை செய்து பார்க்க நேரம் இருக்காது. செவுள் தட்டைப்புழுக்களில் முட்டையிடும் டாக்டைலோஜைரஸ் வகை இருந்தால், உப்புக் குளியலில் புழு உதிர்ந்தாலும் முட்டை தப்பிவிடும். சில நாளில் மீண்டும் அதே நிலை. மோலி, கப்பி வைத்திருப்பவர்கள் மலத்துளையிலிருந்து சிவப்பு இழைகள் எட்டிப் பார்க்கின்றனவா என்றும் கவனியுங்கள். அது கமலானஸ் என்னும் குடற்புழு. அதை வெப்பமோ உப்போ பூண்டோ வெளியேற்றாது, லெவாமிசோல் போன்ற குடற்புழு மருந்துதான் வேண்டும். உங்கள் மீன்கள் இப்போது இறாலும் நத்தையும் இல்லாத டப்பில் இருப்பதால், தேவைப்பட்டால் மருந்தை அங்கேயே தரலாம், தொட்டிக்கு எந்தக் கேடும் இல்லை.

புள்ளியே இல்லாமல் மீன் வேகமாக மூச்சு வாங்கினாலோ, ஒரு பக்கச் செவுளை மூடியே வைத்திருந்தாலோ, ஒட்டுண்ணி செவுளில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். நீரில் சேரும் நச்சும் இதே அறிகுறியைத் தரும் என்பதால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் உடனே சோதித்து, அவை பூஜ்யமாக இருந்தால், புள்ளி தோன்றட்டும் என்று காத்திருக்காமல் அன்றே டப்புக்கு மாற்றிவிடுங்கள்.